மாரக்காளின் செல்கள்

ஜூன் 3, திங்கள்

ஆய்வகத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். பெயர் ஜெபமலர். சொந்த ஊர் நாகர்கோவில். புனேயில் பி.எச்டி. முடித்துவிட்டு, செல்வநாயகம் சாரிடம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்திருக்கிறாள். முப்பது, முப்பத்தொன்று இருக்கலாம். தோள்பையோடு ஒரு தெர்மோகோல் பெட்டியும் கொண்டுவந்தாள். மூடி இடுக்கில் உலர்பனி புகைந்தது. உள்ளே என்ன என்று கேட்டேன்.

"ஹீலா செல்லுக்கா. மைட்டோகாண்ட்ரியா மட்டும் பச்சையா மின்னும். நானே செஞ்சது."

பெருமையாகத்தான் சொன்னாள். ஹீலா எங்கள் ஆய்வகத்தில் நுழையாமல் பத்து வருடமாகிறது. வேண்டாம் என்று ஒழித்தவளே நான்தான். உலகத்தில் எந்த ஆய்வகத்திலும் இருக்கும் புற்றுச் செல், யார் வளர்த்தாலும் வளரும். அதுதான் ஆபத்து. பார்த்தீனியச் செடி மாதிரி. ஒரு சொட்டு தவறிப் பக்கத்து ஃபிளாஸ்க்கில் விழுந்தால் போதும், மற்றதை அமுக்கிவிட்டுத் தான் மட்டும் நிற்கும்.

சாரிடம் சொன்னேன். "தனி ஹூட்ல வேலை செய்யட்டும் ரேணுகா. நீங்க பாத்துக்குங்க" என்றார். பார்த்துக்கொள்ளாமல் என்ன. செல்களைக் கிருமி படாமல் கையாளும் அந்த ஹூட்களையும் அறையையும் இருபது வருடமாகப் பார்த்துக்கொள்வது நான்தான்.

வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்றினேன்.

ஜூன் 6, வியாழன்

ஆகஸ்டில் நிறுவனத்துக்கு வெள்ளிவிழா. விழா மலருக்கு எங்கள் எம்.கே-7 செல்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் சார். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

"பதினொரு வருடங்களுக்கு முன், ஒண்டிப்புதூரைச் சேர்ந்த மில் தொழிலாளி மாரக்காள், வயது ஐம்பத்திரண்டு, புகையிலைப் பழக்கத்தால் கன்னத்தில் வந்த புற்றுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். வெட்டியெடுத்ததில் பட்டாணியளவு துணுக்கை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதித்துக் கைநாட்டு வைத்தார். மூன்று மாதத்தில் காலமானார். அவருடைய செல்கள் இன்றும் எங்கள் இன்குபேட்டரில் உயிரோடு வளர்கின்றன. புற்றுச் செல் மெல்லிய குழாயை நீட்டி, தன்னை அழிக்க வரும் எதிர்ப்புச் செல்லிலிருந்தே மைட்டோகாண்ட்ரியாவை, அதாவது அதன் சக்திக்கான உறுப்பை, உறிஞ்சிக்கொள்ளும் விதத்தை இந்தச் செல்களில்தான் ஆராய்கிறோம். இதுவரை ஆறு ஆய்வுக் கட்டுரைகள்."

கைநாட்டு வாங்கியவள் நான். "வெட்டி வீசறதுதானே கண்ணு, எடுத்துக்க" என்றார். அது விழா மலருக்குத் தேவையில்லை. முதல் மூன்று மாதம் செல்கள் எப்படி வளர்ந்தன என்பதும் எழுதவில்லை. ஒரு பக்கம்தான் கேட்டார்கள்.

ஜூன் 12, புதன்

ஜெபமலர் நைட்ரஜன் டாங்க் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். உறைய வைத்த குப்பிகள் எந்தத் தட்டில் எங்கே இருக்கின்றன என்ற நோட்டு அது. என்னிடம் கேட்காமல் யாரும் எடுப்பதில்லை.

"அக்கா, எம்.கே-7ல ரொம்பப் பழைய குப்பி எது?"

"எதுக்கு?"

"சும்மாதான். கன்னத்துச் செல்லு மாதிரி இல்லாம ரொம்ப வேகமா வளருது. ஆரம்பத்துலயே இப்படித்தானான்னு பாக்கணும். அந்த வருசத்து நோட்டு இருக்கா?"

கட்டடம் மாறும்போது தொலைந்துவிட்டது என்றேன். தலையாட்டினாள். ஆனால் உடனே போகவில்லை. என் முகத்தையே ஒரு நொடி பார்த்துவிட்டுப் போனாள்.

வந்து பத்து நாளாகவில்லை. பதினொரு வருடத்துக்கு முந்தைய நோட்டு இவளுக்கு எதற்கு.

ஜூன் 13, வியாழன்

நல்ல மழை. தயிர் உறையவில்லை.

ஜூன் 14, வெள்ளி

ஜெபமலருக்கு ஒதுக்கிய இரண்டாம் ஹூட்டில் விளக்கு போய்விட்டது. எலக்ட்ரீஷியன் திங்கள்தான் வருவானாம். ஜெபமலர் கையில் ஃபிளாஸ்க்கோடு நின்றாள். சரி, இன்று ஒன்றாம் ஹூட்டில் செய்துகொள் என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

புதுக் கட்டுரையை அனுப்பியிருந்த வெளிநாட்டு இதழிலிருந்து பதில். எல்லாம் சரி, எம்.கே-7 செல்லுக்கு அடையாளச் சான்று வேண்டும் என்கிறார்கள். டி.என்.ஏ. கைரேகைப் பரிசோதனை. இதற்கு முன் யாரும் கேட்டதில்லை, நாங்களும் செய்ததில்லை. கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

"வெறும் சம்பிரதாயம்" என்றார் சார். ஆறாவது வருடமாகப் பி.எச்டி. செய்யும் தாமரைச்செல்விக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கட்டுரை வந்தால் அவள் பட்டம் வாங்கிவிடுவாள்.

"நானே பேக் பண்ணி அனுப்புதேன் சார்" என்று முந்திக்கொண்டாள் ஜெபமலர். நான் விடவில்லை. கூடவே நின்றேன். ஒட்டிய சீலின்மேல் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

ஜூன் 24, திங்கள்

பதிவேட்டின் பக்கங்களை அவள் கைப்பேசியில் படமெடுத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நான் உள்ளே போனதும் கைப்பேசியைக் கோட்டுப் பையில் போட்டாள். மத்தியானம் அவளும் தாமரையும் கேண்டீனில் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டோடு போய் உட்கார்ந்ததும் பேச்சு தக்காளி விலைக்குப் போய்விட்டது.

வீட்டில் இவருக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கினேன். பம்ப் கம்பெனியில் ஆடிட் என்று ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள தன்ற வேலையப் பாக்குது. உனக்கு ஏன் இப்புடிப் படபடங்குது?" என்றார்.

ஜூலை 1, திங்கள்

பரிசோதனை முடிவு வந்துவிட்டது.

எம்.கே-7 என்று நாங்கள் அனுப்பியது ஹீலா. நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறது. கலப்புகூட இல்லை. மாரக்காளுடையது என்று சொல்ல அதில் ஒரு செல் கிடையாது.

சார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். தாமரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜெபமலர் அவள் தோளில் கைவைத்திருந்தாள். நல்ல நடிப்பு.

இந்தக் கட்டடத்துக்குள் ஹீலா வந்தது ஜூன் 3ஆம் தேதி, ஒரு தெர்மோகோல் பெட்டியில். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

சார் கூப்பிட்டு, நடந்ததை எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஜூன் 3 அவள் ஹீலா கொண்டுவந்தது. ஜூன் 14 எம்.கே-7 கையாளும் ஒன்றாம் ஹூட்டிலேயே அவள் ஹீலா கையாண்டது. ஜூன் 18 மாதிரி அனுப்பியது. தேதி, நேரம், ஹூட் எண் எல்லாம் சரி. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஒன்றாம் ஹூட்டைத் தந்தது யார் என்று சார் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

ஜூலை 4, வியாழன்

சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். என் கடிதம் மேசைமேல் இருந்தது. ஜெபமலர் அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஒண்ணாம் ஹூட்ல செய்யின்னு நீங்கதான சொன்னிய?"

"எனக்கு ஞாபகமில்ல."

அவள் சண்டை போடவில்லை. சாரிடம் நிதானமாகச் சொன்னாள். "சார், எனக்க ஹீலா பச்சையா மின்னும். எம்.கே-7ல ஒண்ணுகூட மின்னல்ல. நாலே நாள்ல ஒரு சொட்டு விழுந்து மொத்த ஃபிளாஸ்க்கும் மாறவும் செய்யாது."

"சில செல் மின்னுறதை விட்டுடும்" என்றேன்.

"சரிக்கா. அப்பம் பழைய குப்பிய எடுப்போம். முதல் வருசத்துல உறைய வச்சது மூணு குப்பி டாங்க்ல இருக்கு, பதிவேட்டுல பாத்தேன். அதை அனுப்புவோம். அது மாரக்காள்தான்னா தப்பு எனக்கது. நான் பெட்டியக் கட்டிட்டுப் போறேன்."

சார் யோசித்தார். அவர் டெல்லிக்குப் போய் 15ஆம் தேதி திரும்புகிறார். வந்த பிறகு தன் முன்னால்தான் டாங்க்கைத் திறக்க வேண்டும் என்றார். ஜெபமலரின் ஒப்பந்தம் பற்றிய முடிவும் அதற்குப் பிறகுதானாம்.

டாங்க் சாவி என்னிடம்.

ஜூலை 5, வெள்ளி

லீவு போட்டேன். பீரோவை ஒழுங்குபடுத்தினேன். மேல்தட்டை மட்டும் விட்டுவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

டாங்க்கில் அளவுகோல் விட்டுப் பார்த்தேன். திரவ நைட்ரஜன் ஒன்பது சென்டிமீட்டர்தான் நிற்கிறது. வெயிலுக்குச் சீக்கிரம் ஆவியாகிறது. திங்கட்கிழமை லாரி வந்திருக்க வேண்டும், வரவில்லை. இந்தக் கம்பெனிக்காரர்களை நம்ப முடியாது.

கீழ்த்தட்டுக் குப்பிகளுக்கு இன்னும் சில நாள் ஒன்றுமாகாது. பழைய குப்பிகள் மேல்தட்டில்.

மாலையில் மாவரைத்தேன்.

ஜூலை 10, புதன்

ஆறு சென்டிமீட்டர்.

ஜூலை 11, வியாழன்

பத்து மணிக்கு உள்ளே போனால் ஜெபமலரும் தாமரையும் டாங்க் பக்கத்தில் நிற்கிறார்கள். மூடிக்குப் பூட்டு உண்டு, ஆனால் எடைத் தராசு வெளியில்தான் இருக்கிறது. எடை குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஜெபமலரே நைட்ரஜன் கம்பெனிக்குப் போன் செய்திருக்கிறாள்.

"இந்த மாசம் உங்க கிட்டயிருந்து ஆர்டரே வரலைன்னு சொல்லுதாங்கக்கா."

தாமரை என்னைப் பார்த்தாள். ஆறு வருடமாக என்னை அக்கா என்று கூப்பிடுபவள், ஹூட்டின் முன் எப்படி உட்கார வேண்டும் என்பதைக்கூட என்னிடம் கற்றுக்கொண்டவள். அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் கண்டதில்லை.

போன் செய்ததாகத்தான் எனக்கு நினைவு. ஜூலை முதல் வாரம். செய்யாமல் விட்டிருந்தால் அது மறதி. மூன்று நாளாகத் தலைவலி வேறு.

பன்னிரண்டு மணிக்கு லாரி வந்தது. சாவியைக் கொடுத்தேன். குப்பிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 12, வெள்ளி

டெல்லியிலிருந்து சார் போன் செய்தார். வெள்ளிவிழா மேடையில் மாரக்காளின் மகளுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். இந்தப் பிரச்சினை அதற்குள் தீர்ந்துவிடும், நேரில் போய் அழையுங்கள் என்றார். டாங்க் விஷயம் அவர் காதுக்கு இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது. எட்டியும் கேட்காமல் இருக்கிறாரோ.

ஜூலை 13, சனி

ஒண்டிப்புதூர் போனேன். மாரக்காளின் மகள் ஈஸ்வரியைப் பார்த்துப் பதினொரு வருடமாகிறது. பெட்ரோல் பங்க் பின்னால் இரண்டு தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். மெஷின்மேல் கிடந்த துணியை ஒதுக்கி, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அண்ணன் பொன்னுச்சாமி அதே வீட்டில்தான் இருக்கிறானாம், லேத் பட்டறையில் வேலை.

சுவரில் அவள் அப்பா படத்துக்குச் சந்தன மாலை. பக்கத்திலேயே மாரக்காள் படம். மாலை இல்லை, பொட்டு இல்லை, விளக்கில்லை. கல்யாணத்தில் எடுத்த கலர் படம். வெற்றிலை போட்ட சிரிப்பு.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அம்மாவுக்கு மாலை போடறதில்லீங்க."

"ஏன்?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க. அம்மா போய்ப் பத்தாம் நாள் வந்து, உங்கம்மா சாகல, அவங்க உசுரு எங்ககிட்ட வளந்துட்டிருக்குன்னீங்க. பூதக்கண்ணாடியில காட்டறேன்னு கூட்டிட்டுப் போயிக் காட்டுனீங்க. பொன்னுச்சாமி அண்ணன் அன்னைக்கே சொல்லிருச்சுங்க, உசுரோட இருக்கறவங்களுக்குத் தெவசம் குடுத்தாப் பாவம்னு. ஆடி அமாவாசைக்குப் பேரூர் ஆத்தங்கரையில அப்பனுக்கு மட்டும்தான் குடுக்கறது."

எனக்கு டீ வந்தது. குடித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"சொந்தக்காரங்க பேசுனாங்க. அம்மாளுக்கு ஒரு பிடி சோறு வெக்காத மக்கன்னு. சொன்னாப் புரியுங்களா? நாங்க விட்டுட்டோம்." மெஷினிலிருந்து ஊசியைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "அம்மா நல்லாருக்காங்களா?"

நல்லாருக்காங்க என்றேன்.

வெள்ளிவிழாவுக்கு அழைக்காமலே திரும்பிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

இவர் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். பீரோவின் மேல்தட்டைத் திறந்தேன். பட்டுப்புடவைகளுக்கு அடியில் அந்த வருடத்து நோட்டு இருக்கிறது. எப்போதும் இருந்தது. கட்டடம் மாறியபோது நான்தான் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இனிமேல் சுற்றி வளைத்து எழுதி என்ன பயன். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மாரக்காளின் செல்கள் முதல் மாதம் நன்றாகத்தான் பிடித்தன. கன்னத்துச் செல்லுக்கே உரிய மாதிரி தளம் பாவியதுபோல் நெருக்கமாக, மெதுவாக வளர்ந்தன. இரண்டாம் மாதம் திணறின. மூன்றாம் மாதம், ஏழாவது தடவை ஃபிளாஸ்க் மாற்றியபோது பெரும்பாலானவை உரிந்து மிதந்தன. அதே வாரம்தான் மாரக்காளும் ஆஸ்பத்திரியில் இறந்தார். எனக்கு அப்போது வேலை தினக்கூலிதான். நிரந்தரம் செய்ய எந்தக் காரணமும் இல்லை, நீங்கள் ஏதாவது சாதித்துக் காட்ட வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். செல்லுக்கு ஊட்டும் மீடியம் தட்டுப்பாடு. ஹீலாவுக்கு வைத்திருந்த பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. ஒரு செல்லுக்குத் திறந்த பாட்டிலை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது முதல் நாள் சொல்லித்தரும் பாடம். பயன்படுத்தினேன்.

ஒன்பது நாள் கழித்துப் பார்த்தால் ஃபிளாஸ்க்கில் புதிதாகத் திட்டுத் திட்டாகச் செல்கள். இரண்டே வாரத்தில் நிரம்பிவிட்டன. சார் எனக்குக் கைகொடுத்தார். எல்லோருக்கும் மைசூர்பாக் வாங்கி வரச் சொன்னார். அடுத்த மார்ச்சில் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

நோட்டில் அன்றைய பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: "திடீரென்று வேகம். உருவமும் வேறு. ஹீலாவுக்கு வைத்த அதே பாட்டில். சாரிடம் கேட்கவா?"

கேட்கவில்லை. மைசூர்பாக் வந்துவிட்டது.

எனக்குத் தெரியாது என்று பதினொரு வருடம் இருந்துவிட்டேன். தெரியாது என்பது உண்மைதான், பரிசோதிக்கவில்லையே. ஹீலாவை ஆய்வகத்தை விட்டே ஒழித்தது ஏன் என்று யாராவது கேட்டால் சுத்தத்துக்காக என்பேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். போன வாரம் நைட்ரஜனுக்குப் போன் செய்யவில்லை. மறக்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண்ணின் முகத்தில் நான் தேடிய திருட்டு முழி எங்கே இருந்தது என்று இப்போது தெரிகிறது.

ஜூலை 15, திங்கள்

சார் வந்ததும் நோட்டை அவர் மேசையில் வைத்தேன். அந்தப் பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்குத்தான் சார்."

"இத்தன வருசம் வீட்லயே இருந்திருக்கு." நோட்டை மெல்ல என் பக்கம் தள்ளினார். "இன்னும் கொஞ்ச நாள் இருந்தா ஒண்ணும் குடிமுழுகிடாது. விழா முடியட்டும். ஜெபமலருக்கு வேற இடத்துல நல்ல சிபாரிசு எழுதித் தர்றேன். அவளுக்கு நஷ்டமில்லாமப் பாத்துக்கலாம்."

கோபப்படுவார் என்றுதான் நினைத்துப் போனேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. ஆறு கட்டுரைகளிலும் அவர் பெயர் இருக்கிறது. அவருக்கும் ஒரு நாளாவது சந்தேகம் வந்திருக்குமா என்று கேட்க நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

"நோட்டு இங்கயே இருக்கட்டும் சார். என் கடுதாசியைத் திருப்பிக் குடுங்க" என்றேன்.

பக்கங்களை ஏற்கெனவே படமெடுத்து இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தினார்.

பிறகு ஜெபமலரிடம் போனேன். இரண்டாம் ஹூட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றாம் ஹூட்டில் செய்யச் சொன்னது நான்தான், நைட்ரஜனுக்குச் சொல்லாமல் விட்டதும் தெரிந்துதான் என்றேன். கையுறையைக் கழற்றாமல் கேட்டாள்.

"ரெண்டு வாரமா எனக்கு சோறு எறங்கல்லக்கா. எங்க அம்மைக்குப் போன்பண்ணி, நான்தான் தப்புப் பண்ணிட்டனோன்னு அழுதேன். எனக்கே என்னமேல சந்தேகம் வந்துட்டு, தெரியுமா?"

நின்றுகொண்டிருந்தேன். அவள் திரும்பி வேலையைத் தொடர்ந்தாள்.

ஜூலை 16, செவ்வாய்

இயக்குநர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் முன்னால் டாங்க்கைத் திறந்தோம். மூன்று பழைய குப்பிகளையும் ஜெபமலர் எடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க மாரக்காளின் உண்மையான திசு வேண்டுமே. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சையின்போது நோய் பார்க்க மெழுகில் பதித்துவைத்த துண்டு இன்னும் இருக்கிறதாம். அதிலிருந்து சீவல் எடுத்து அனுப்பினார்கள்.

சாவியை ஒப்படைத்தேன். விசாரணை முடியும்வரை ஸ்டோர் ரூமில் வேலை.

ஜூலை 20, சனி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சோறு வெய்யி, பசிக்குது" என்றார். சாப்பிட்டு எழுந்து அவர் தட்டோடு என் தட்டையும் கழுவினார்.

ஜூலை 26, வெள்ளி

மூன்று குப்பிகளும் ஹீலா. மெழுகுத் துண்டு வேறொரு பெண். அது மாரக்காள்.

ஆறு கட்டுரைகளையும் திரும்பப் பெற வேண்டியிருக்கும் என்கிறார்கள். குழாய் நீட்டுவதும் உறிஞ்சுவதும் பொய்யில்லை, செல் அப்படித்தான் செய்கிறது. ஆனால் அது கன்னத்துப் புற்றின் கதை என்று நாங்கள் சொன்னது பொய். தாமரைக்கு இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். ஸ்டோர் ரூமுக்குக் கையுறைப் பெட்டி கேட்டு வந்தாள். ரேணுகா மேடம் என்று கூப்பிட்டாள்.

வேறு நோயாளிகளின் திசுவிலிருந்து புதிதாக வளர்க்கப்போவது ஜெபமலர்தானாம். ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள்.

ஜூலை 29, திங்கள்

அரை நாள் லீவு போட்டு ஒண்டிப்புதூர் போனேன். ஈஸ்வரியோடு பொன்னுச்சாமியும் இருந்தான். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் யோசித்ததெல்லாம் வாயில் வரவில்லை. உங்கம்மா செல் பதினொரு வருசத்துக்கு முந்தியே செத்துப்போச்சு, நான் காட்டினது வேற ஒரு பொம்பளையோடது, என் கையால நடந்த தப்பு என்றேன்.

பொன்னுச்சாமி எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான். ஈஸ்வரி ஒரே ஒரு கேள்விதான் முதலில் கேட்டாள்.

"அந்த இன்னொரு அம்மா யாருங்க?"

அமெரிக்காவில், எழுபது வருடத்துக்கு முன் இறந்துபோன ஒரு கறுப்பினப் பெண், ஐந்து பிள்ளைகளுக்குத் தாய், ஹீலா செல் அவரிடமிருந்து எடுத்ததுதான் என்றேன்.

"அவங்களும் கைநாட்டு வெச்சுக் குடுத்தாங்களா?"

"இல்ல. அவங்களை யாரும் கேக்கல."

ஈஸ்வரி மடியில் கிடந்த ரவிக்கைத் துணியை இரண்டாக, நான்காக மடித்தாள்.

"அவங்களைக் கேக்காமயே எடுத்து இத்தன வருசம் காப்பாத்தி வெச்சிருக்கீங்க. எங்கம்மாவக் கேட்டு வாங்கித் தொலைச்சுப்போட்டீங்க."

நான் எழுந்தபோது, "அப்ப எங்கம்மாளோடதுன்னு ஒண்ணுமே இல்லீங்களா?" என்றாள்.

மெழுகுத் துண்டைப் பற்றிச் சொன்னேன். உள்ளே இருப்பதற்கு உயிரில்லை, ஆனால் அது உங்கம்மாதான், பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்றேன்.

"அது எனக்கு வேணும்."

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆஸ்பத்திரியில் நான்கு மேசை ஏறி இறங்கினோம். ஈஸ்வரியின் ஆதார், மாரக்காளின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பொன்னுச்சாமியின் சம்மதக் கடிதம். இப்படி யாரும் வந்து கேட்டதில்லை என்றார் பதிவு அறை மேற்பார்வையாளர். கேட்கக் கூடாது என்று விதி ஏதும் இருக்கிறதா என்று ஈஸ்வரி கேட்டாள். விசாரணைக்கு வேண்டிய சீவல்களை எடுத்துவைத்துக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் மிச்சத்தைக் கொடுத்தார்கள்.

அதை அவள் கையில் வைத்தேன். தீப்பெட்டியில் பாதிகூட இல்லை. வெள்ளை மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான்."

கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப்பில் எனக்கு முதலில் பஸ் வந்தது. போயிட்டு வர்றேன் என்றேன். தலையை மட்டும் அசைத்தாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. நான் எங்கும் போகவில்லை. என்னை யாரும் கூப்பிடவுமில்லை. சமையலறைத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பதினொரு மணிக்குப் போன் அடித்தது. ஈஸ்வரி. பின்னால் கூட்டத்தின் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன.

"முடிஞ்சுதுங்க. அம்மாளுக்குப் பிண்டம் வெச்சோம்."

"நல்லதும்மா."

"அதை ஆத்துல விட்டோம். மெழுகுங்களா, முழுகல. மெதந்துட்டே போச்சு. அண்ணன் கரையோரமாக் கூடவே ஓடுச்சு, பாலம் வரைக்கும். நான் படியில நின்னு பாத்தேன்." பின்னால் யாரோ வழி விடச் சொன்னார்கள். "உங்களுக்குச் சொல்லோணும்னு தோணுச்சு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். வெச்சிரட்டுங்களா?"

"வெச்சிரும்மா" என்றேன். அவள் உடனே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.